கழுவிய கேரட் மூட்டைக்குள் அழுகுகிறது: ஃபேஜ் தெளித்தால் நிற்குமா?

நீலகிரியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் ஒருவர் கேட்டிருக்கிறார். பிடுங்கும்போது கேரட் கல்லு மாதிரி இருக்கிறது. மெஷினில் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகக் கோயம்பேடு போய் இறங்கும்போது மூட்டைக்குப் பத்துப் பதினைந்து கொழகொழவென்று ஆகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடுகிறது. பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ் என்ற வைரஸ் ஒன்று இருப்பதாக மகன் படித்துச் சொன்னானாம். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக அதைத் தெளிக்கலாமா, சாப்பிடுகிற பொருளில் போய் வைரஸைத் தெளிப்பதா என்று வீட்டில் பயப்படுகிறார்கள் என்கிறார். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று இருக்கின்றன. அந்த வைரஸ் உண்மையிலேயே அழுகலை நிறுத்துமா? அது மனிதருக்கு ஆபத்தா? ஒரு தெளிப்பில் என் நஷ்டம் நிற்குமா? முதல் கேள்விக்கு, நிறுத்தும், ஆனால் இடமும் நேரமும் சரியாக அமைந்தால் மட்டும். இரண்டாவதற்கு, பயப்பட வேண்டியதில்லை. மூன்றாவதற்கு, கழுவும் தண்ணீரை மாற்றாதவரை எந்தத் தெளிப்பாலும் நிற்காது. இருபது வருடங்களுக்கு மேல் பயிர் நோய் ஆய்வகத்தில் இந்தப் பாக்டீரியாக்களோடு பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம். இப்படிக் கொழகொழவென்று ஆக்கும் மென் அழுகலை உண்டாக்குவது பெரும்பாலும் பெக்டோபாக்டீரியம், டிக்கேயா என்ற இரண்டு பேரினங்களைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். பழைய புத்தகங்களில் எர்வினியா கரோட்டோவோரா என்று படித்திருப்பீர்கள். அந்தப் பெயரே உங்கள் பயிரிலிருந்து வந்ததுதான். 1901-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எல். ஆர். ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி அழுகிய கேரட்டிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, கேரட்டைத் தின்பது என்ற பொருளில் பெயர் வைத்தார். காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்து மாதிரி. இந்தப் பாக்டீரியா விடும் நொதிகள் அந்தச் சாந்தைக் கரைக்கின்றன. அதனால்தான் தோல் முழுசாக இருக்க, விரலால் அழுத்தினால் உள்ளே கூழாக இறங்குகிறது. இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இவை தனியாக இருக்கும்போது சும்மா இருக்கும். தங்களுக்குள் ஒரு ரசாயனத்தை விட்டுக்கொண்டு எண்ணிக்கையைக் கணக்குப் பார்க்கும். கூட்டம் போதுமான அளவு சேர்ந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் நொதியைக் கொட்டும். 1990களின் தொடக்கத்தில் இது தெளிவாக நிரூபிக்கப்பட்டது. நேற்று மாலை நன்றாக இருந்த மூட்டை இன்று காலை ஒழுகுவதன் ரகசியம் இதுதான். நேற்றும் பாக்டீரியா இருந்தது, ஆனால் இன்னும் ஆள் சேரவில்லை.

இப்போது உங்கள் மூட்டையின் பயணத்தைப் பாருங்கள். மலையில் குளிரில் இருந்த கேரட், கழுவும் மெஷினின் டிரம்மில் உருண்டு ஒன்றோடொன்று உரசித் தோலில் நுண்ணிய கீறல்களோடு வெளியே வருகிறது. ஒரு லோடில் அழுகிய நாலு கேரட் இருந்தால் போதும், தொட்டித் தண்ணீர் முழுவதும் பாக்டீரியா. அந்தத் தண்ணீர் கீறலுக்குள் போகிறது. ஈரம் காயாமல் மூட்டைக்குள் அடைக்கிறோம். நீர்ப்படலம் மூடியதும் உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் கேரட்டின் எதிர்ப்பு ஓய்ந்துவிடும், பாக்டீரியாவோ ஆக்சிஜன் இல்லாமலும் வளரக்கூடியது. அப்புறம் லாரி மலை இறங்குகிறது. பெக்டோபாக்டீரியம் கரோட்டோவோரம் 25 முதல் 30 டிகிரியில்தான் செழித்து வளரும். சமவெளியின் வெப்பம் அதற்கு விருந்து. தோட்டத்தில் நன்றாகத்தானே இருந்தது என்கிறீர்கள். ஆமாம், தோட்டத்தில் தொடங்கியிருக்காது. பெரும்பாலும் தொட்டியில் தொடங்கியிருக்கும்.

சரி, ஃபேஜுக்கு வருவோம். பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். 1915-ல் இங்கிலாந்தில் ட்வார்ட்டும், 1917-ல் பாரிஸில் டி'ஹெரெல்லும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அதன் இயந்திரங்களைக் கொண்டே தன்னைப்போல் பல மடங்கு செய்து, கடைசியில் பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பல ஃபேஜ்களுக்கு இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. நோய் இருக்கிற இடத்தில்தான் ஃபேஜும் இருக்கும். நாங்கள் தேடிப் போனதும் கழுவுமிடங்களின் சாக்கடைத் தண்ணீரைத்தான். கலங்கிய, நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீரை வடிகட்டி, பாக்டீரியா கலந்த மெல்லிய ஜெல்லியோடு தட்டில் ஊற்றி இரவு வைத்தால், காலையில் தட்டு முழுவதும் பாலாடை போல பாக்டீரியா படர்ந்திருக்கும். அதன் நடுவே குண்டூசித் தலை அளவில் சுத்தமான ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையும் ஒரே ஒரு ஃபேஜிலிருந்து தொடங்கியது. அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணிய ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வரும். அடுத்து உருளைக்கிழங்கு வில்லை சோதனை. இரண்டு வில்லைகளிலும் பாக்டீரியாவை வைத்து, ஒன்றில் மட்டும் கூடவே ஃபேஜையும் விடுவோம். மறுநாள் ஒன்று கஞ்சியாகக் கரைந்து நாறும், மற்றது வெட்டியபடியே உறுதியாக இருக்கும். பார்த்தவர் யாரும் ஃபேஜை நம்பாமல் போக முடியாது. ஆனால் இந்தச் சோதனை கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும். காரணம் பின்னால் வருகிறது.

இது நேற்றைய யோசனை இல்லை. 1924-ல் மால்மான், ஹெம்ஸ்ட்ரீட் என்ற இருவர் அழுகும் முட்டைக்கோஸின் சாற்றை வடிகட்டி எடுத்து, அது நோய்ப் பாக்டீரியாவை வளரவிடாமல் தடுப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே கோட்டிலா, கூன்ஸ் என்ற இருவர் உருளைக்கிழங்கில் கருங்கால் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவோடு ஃபேஜையும் சேர்த்துச் செலுத்தி, கிழங்கு அழுகாமல் தடுத்தார்கள். பென்சிலினை ஃபிளெமிங் கண்டதே 1928-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு முன்னால் தொடங்கிய வேலை ஏன் நின்றுபோனது? செம்பு மருந்துகள் மலிவாகக் கிடைத்தன. பிறகு ஆன்டிபயாடிக் வந்தது, ஒரே மருந்து பல நோய்க்கு என்று ஆனது. ஃபேஜோ ஒரு நோய்க்கு ஒன்று, அதிலும் சில சமயம் ஓர் ஊர் பாக்டீரியாவுக்கு ஒன்று. இப்போது ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகியபின் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மென் அழுகலில் இப்போது கையில் இருக்கும் சான்றுகளில் நான் அதிகம் மதிப்பது இரண்டு. ஒன்று பெல்ஜியத்தில் நடந்தது. ஐரோப்பாவில் 2000களின் நடுவில் டிக்கேயா சொலானி என்ற புதுப் பாக்டீரியா, உருளைக்கிழங்கைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கு எதிராக அந்த மண்ணிலிருந்தே லைம்ஸ்டோன் 1, லைம்ஸ்டோன் 2 என்று பெயரிட்ட இரண்டு ஃபேஜ்களைப் பிரித்து, ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் வயலிலும் சோதித்து, நோய் குறைந்து விளைச்சல் கூடியதை 2012-ல் வெளியிட்டார்கள். இன்னொன்று ஸ்காட்லாந்தில் நடந்தது. உருளைக்கிழங்கைக் கழுவி அடைக்கும்போது மென் அழுகலைக் குறைக்க அதன்மேல் தெளிப்பதற்கென்றே பயோலைஸ் என்ற ஃபேஜ் கலவையை அங்கே ஒரு நிறுவனம் கொண்டுவந்தது. உங்களுக்கு முக்கியமான தகவல் இதுதான். கழுவி அடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள். கொரியாவில் சீன முட்டைக்கோஸில் பிபி1 என்ற ஃபேஜை வைத்து 2013-ல் காட்டிய பலனும் நம்பிக்கை தருவதுதான். அமெரிக்காவில் 2005-லேயே அக்ரிஃபேஜ் என்ற ஃபேஜ் மருந்து அரசின் பதிவு பெற்றது. ஆனால் அது தக்காளி, மிளகாயின் இலைப்புள்ளி நோய்க்கு, அழுகலுக்கு அல்ல. கடையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் ஏமாறாதீர்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சிக்கல்களைச் சொல்கிறேன். ஃபேஜின் முதல் எதிரி வெயில். இலைமேல் பட்ட ஃபேஜ், சூரியனின் புற ஊதாக் கதிரில் சில மணி நேரத்தில் பெருமளவு செத்துவிடும். நாங்கள் ஒருமுறை உருளைக்கிழங்குச் செடியில் காலை பத்து மணிக்குத் தெளித்தோம். பனி காய்ந்த பிறகு தெளிப்பது நல்லது என்று பூஞ்சாண மருந்துப் பழக்கத்தில் நினைத்துவிட்டோம். மறுநாள் இலையைக் கழுவி எண்ணினால் தட்டில் ஒன்றிரண்டு ஓட்டைகள்கூடத் தேட வேண்டியிருந்தது. பிறகு மாலையில், வெயில் தாழ்ந்தபின் தெளித்தபோது நிலைமை மாறியது. பால் பவுடர், சர்க்கரை, மாவு போன்றவற்றைச் சேர்த்தால் ஃபேஜ் இலையில் கூடுதல் நேரம் தாங்கும் என்று ஃபுளோரிடாவில் தக்காளியில் செய்து காட்டியிருக்கிறார்கள். கேரட்டில் நோய் மண்ணுக்குள்ளும் மூட்டைக்குள்ளும் நடப்பதால் இலைமேல் தெளிப்பது அனேகமாக வீண். வயலில் நிற்கும் கேரட்டுக்குத் தெளித்து மண்டியில் அழுகலைக் குறைக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இதற்குப் பணம் போட வேண்டாம் என்பேன்.

இரண்டாவது சிக்கல், ஃபேஜுக்குக் கால் கிடையாது. தண்ணீரில் மிதந்து தற்செயலாகப் பாக்டீரியாவின் மேல் மோதினால்தான் வேலை. உருளைக்கிழங்கின் தோலில் சிறு புள்ளிகளாகத் தெரிகிறதே, அந்த மூச்சுத் துளைகளுக்குள் பாக்டீரியா மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். அங்கே ஃபேஜ் எட்டுவது கஷ்டம். அழுகல் தொடங்கிய கேரட்டிலும் அப்படித்தான். கூழுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா, வெளியே தெளித்த ஃபேஜ் தோலோடு நின்றுவிடும். வில்லை சோதனை ஏமாற்றும் என்று சொன்னேனே, காரணம் இதுதான். அங்கே ஃபேஜையும் பாக்டீரியாவையும் நாமே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறோம். தோட்டத்தில் அந்த உதவியை யாரும் செய்யமாட்டார்கள். ஆனால் கழுவி முடித்த கேரட்டின் புதுக் கீறலில், பாக்டீரியா இப்போதுதான் உள்ளே நுழைகிறது, ஆள் சேர்க்கவில்லை, மேலே ஈரமும் இருக்கிறது, கூரைக்குக் கீழே வெயிலும் இல்லை. வில்லை சோதனைக்கு மிகவும் நெருக்கமான சூழ்நிலை அது. ஆகவே ஃபேஜுக்குச் சரியான இடம் எது என்று என்னைக் கேட்டால், கடைசி அலசலுக்கும் மூட்டைக்கும் நடுவில் என்பேன். வந்த நோயைத் தீர்க்க அது உதவாது. நோய் காலூன்றாமல் பார்த்துக்கொள்ள உதவும்.

மூன்றாவது, பாக்டீரியா சும்மா செத்துப்போகிற ஜாதி இல்லை. ஃபேஜ் பிடித்துக்கொள்ளும் கொக்கியை மேற்பரப்பில் மாற்றிக்கொள்ளும். கேம்பிரிட்ஜில் உருளைக்கிழங்கின் பெக்டோபாக்டீரியத்தில் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். ஃபேஜ் புகுந்ததும் சில பாக்டீரியாக்கள் தங்களிடமே இருக்கும் ஒரு நச்சை அவிழ்த்துத் தற்கொலை செய்துகொள்கின்றன. வைரஸ் பெருகுவதற்குள் வீடு இடிந்துவிடுவதால் பக்கத்தில் இருக்கும் சொந்தங்கள் தப்பிக்கின்றன. இதனால்தான் ஒரே ஃபேஜை நம்பாமல், வெவ்வேறு கொக்கியைப் பிடிக்கும் பல ஃபேஜ்களைக் கலந்து தருகிறார்கள். நமக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. தப்பிக்கும் பாக்டீரியா பல சமயம் அதற்கு விலை கொடுக்கிறது. நீந்தும் வாலைப் பிடிக்கும் ஒரு ஃபேஜிடமிருந்து தப்பிய பெக்டோபாக்டீரியம் வாலையே இழந்து, நீந்த முடியாமல், அழுகல் உண்டாக்கும் திறனிலும் குறைந்துபோனது. எல்லாத் தப்பித்தலும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆன்டிபயாடிக் எதிர்ப்பில் அடிக்கடி கிடைக்காத ஒரு சலுகை இது.

வீட்டில் உள்ளவர்களின் பயத்துக்கு வருகிறேன். ஃபேஜ் பிடிக்கும் கொக்கி நம் செல்களில் இல்லை. செடியின் செல்களிலும் இல்லை. பச்சையாகக் கடிக்கும் ஒவ்வொரு கேரட்டோடும் எண்ணற்ற ஃபேஜ்களை ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அமெரிக்க அரசு 2006-ல் மறுபடி சமைக்காமல் அப்படியே சாப்பிடத் தயாராக இருக்கும் இறைச்சியின் மேலேயே லிஸ்டீரியா கிருமிக்கு எதிராக ஃபேஜ் தெளிக்க அனுமதி கொடுத்தது. கவனிக்க வேண்டிய ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது. சில ஃபேஜ்கள் ஒரு பாக்டீரியாவின் மரபுத் துண்டைத் தூக்கிப்போய் இன்னொன்றுக்குள் போட்டுவிடும். மேலே சொன்ன லைம்ஸ்டோன் வகை ஃபேஜ்களே இப்படித் துண்டு கடத்துவதில் கெட்டிக்காரர்கள் என்று பின்னால் தெரியவந்தது. சாப்பிடுபவருக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் நீண்ட காலத்தில் பாக்டீரியாக்களுக்குள் என்ன கைமாறும் என்பது திறந்த கேள்வி. அதனால் மரபுத்தொடர் முழுவதும் படித்துத் தேர்ந்த ஃபேஜ்களை மட்டுமே மருந்தாக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும், தயவுசெய்து, அறுவடை செய்த கேரட்டில் தெளிக்காதீர்கள். காசநோய்க்கு மனிதனுக்குக் கொடுக்கும் மருந்து அது. சாப்பிடும் பொருளில் அது ஏறவே கூடாது.

ஃபேஜை வீட்டிலேயே தயாரிக்கலாமா என்று மகன் அடுத்துக் கேட்பான், நிச்சயம். அழுகிய கேரட்டை ஊறவைத்துத் துணியில் வடிகட்டித் தெளித்தால் நோயை நாமே பரப்பியதாக ஆகும். பாக்டீரியாவை நிறுத்த 0.22 மைக்ரான் வடிகட்டி வேண்டும். துணியில் அது தண்ணீர் மாதிரி ஓடிவிடும். ஜீவாமிர்தம் போலச் செய்கிற காரியம் இல்லை இது. கடையில் ஃபேஜ் என்று விற்றால், பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் பதிவு எண் அட்டையில் இருக்கிறதா, எந்தப் பயிர், எந்த நோய் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மருந்தே கிடைத்தாலும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். குளோரின் ஃபேஜையும் கொல்லும். செம்பு மருந்தும் அதற்கு ஆகாது.

இந்த வாரமே செய்யக்கூடியது தொட்டியில் இருக்கிறது. முதலில் அழுகலைச் சரியாக அடையாளம் காணுங்கள். வெள்ளைப் பஞ்சு படர்ந்து, கெட்டியான கறுப்புக் கட்டிகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோடினியா பூஞ்சாணம். எந்தப் பாக்டீரியா ஃபேஜும் அதைத் தொடாது. பஞ்சு இல்லாமல் ஈரக் கூழாக, நாற்றத்தோடு இறங்கினால் பாக்டீரியாவாக இருக்கும். கழுவும் இடத்தில், அழுகியதை டிரம்முக்குள் போகுமுன்பே கையால் பொறுக்கிப் போடுங்கள். மண்ணைப் போக்கும் முதல் கழுவலில் குளோரின் போட்டுப் பயனில்லை, சேறே அதைத் தின்றுவிடும். சேறு போனபின் கடைசித் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு, 100 லிட்டருக்கு 30 சதவீத குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர் சுமார் 35 கிராம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றினால் ஏறக்குறைய 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் நூறு பங்கு குளோரின், வரும். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். குளோரின் காட்டும் காகிதப் பட்டை வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீர் கலங்கும்போதெல்லாம் பார்த்து மாற்றுங்கள். தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில் இருந்தால்தான் குளோரின் ஒழுங்காக வேலை செய்யும். கடைசியில் சுத்தமான தண்ணீரில் ஒரு அலசு. பிறகு நிழலில், காற்றோட்டத்தில் பரப்பி, தோல் காய்ந்தபின் மூட்டை கட்டுங்கள். லாரிக்காரர் அவசரப்படுத்துவார், தெரியும். அந்த அரை மணி நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஒரு சின்னச் சோதனை. ஒரே பாத்தியில் பிடுங்கிய கேரட்டில் இருபதை மண்ணோடு, இருபதை மெஷினில் கழுவியபடி ஈரத்தோடு, இருபதை மேலே சொன்னபடி கழுவிக் காயவைத்து, மூன்று பிளாஸ்டிக் பைகளில் தனித்தனியாகக் கட்டி, கோயம்பேட்டின் வெப்பத்துக்குப் பக்கமாக வீட்டில் அடுப்படி ஓரத்தில் மூன்று நாள் வையுங்கள். ஒவ்வொரு பையிலும் எத்தனை அழுகியது என்று எண்ணி எழுதுங்கள். இரண்டாவது பை மட்டும் கெட்டால் உங்கள் பிரச்சினை தொட்டி. மூன்றுமே ஒன்றுபோல் கெட்டால் நோய் தோட்டத்திலிருந்தே வருகிறது, அப்போது மண், வடிகால், பயிர்ச் சுழற்சி என்று வேறு விதமாகப் பேச வேண்டும். எண்ணிக்கையைச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடரலாம்.